கூட்டில் போட்ட ஓட்டை

ஜூலை 9, 2017 – ஞாயிறு

இன்று ஒன்பது கார்களை ஓட அனுமதித்தேன். ஒருவனையும் நம்பி அனுமதிக்கவில்லை.

பாலாவிக்கு அப்பால், உப்பளங்களைத் தாண்டி, கடல்நீர் ஏறும் களப்போரம் காய்ந்து கிடக்கும் வெளியில் எங்கள் கார் ஓட்டக் கழகத்தின் இந்த வருட முதல் ஓட்டம். எல்லோருக்கும் முந்திப் போய்விட்டேன். முந்திப் போனால்தான் யார் யாருடைய ஹெல்மெட்டை இரவல் வாங்குகிறான் என்று பார்க்கலாம். போன வருடம் ஒரே ஹெல்மெட் நான்கு தலைகளில் ஏறி என் முன்னால் வந்து போனது. நான் குருடன் என்று நினைப்பு. இம்முறை சரிபார்த்த ஒவ்வொரு ஹெல்மெட்டின் உள்ளேயும் என் கையெழுத்து இருக்கிறது.

விபத்தான வாகனங்களைப் பார்த்து இன்சூரன்ஸ்காரர்களுக்கு அறிக்கை கொடுப்பது என் பிழைப்பு. "மாடு குறுக்க பாஞ்சிட்டு" என்ற கதையை நான் கேட்ட அளவுக்கு வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த மாவட்டத்தில் இருக்கிற மாடுகளைவிடக் குறுக்கே பாய்ந்த மாடுகள்தான் அதிகம். அதனால்தான் கழகத் தலைவர் அன்ரனிப்பிள்ளை என்னைப் பாதுகாப்புப் பரிசோதகராகப் போட்டார். "உன்னைப் போல சந்தேகப் பிராணி எங்களுக்குக் கிடைக்காது" என்றார். பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.

கார் கவிழ்ந்தால் ஓட்டுபவன் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாய்களை உருக்கி ஒட்டி ஒரு கூடு போடுவார்கள். குழாயின் சுவர் இரண்டரை மில்லிமீற்றர் இருக்க வேண்டும். பெயின்ற் அடித்துவிட்டால் நல்ல குழாய் எது, தண்ணீர்க் குழாய் எது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் நானே ஒரு விதி கொண்டு வந்தேன். ஓட்டுநர் பக்கத் தூணில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ட்ரில்லால் சிறு ஓட்டை. நுனி வளைத்த கம்பியை அதற்குள் விட்டு உட்சுவரில் கொழுவி அளப்பேன். ஓட்டை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அடைத்தவன் எதையோ மறைக்கிறான்.

எங்கள் ஒழுங்கையில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஹாசிம் கேட்காமலே காரின் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். "பாருங்க சாச்சா." அவனுடைய குழாய் போன வருடத்தைவிட ஒரு மயிரிழை தடிப்பாகவே இருந்தது. நேர்மையானவன் வாங்கும் இரும்பும் நேர்மை.

ஃபைஸல் அப்படியில்லை. கல்பிட்டியில் வள்ள எஞ்சின் விற்கும் கடைக்காரன். காரும் வேகம், வாயும் வேகம். "என்ன மாமா, இண்டைக்கும் ஓட்டயா? இது காரா சல்லடையா?" எல்லோரும் சிரித்தார்கள்.

ஹாசிமைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் என்னை அண்ணன் முறையில் முஹ்ஸின் நானா என்கிறார்கள். இவன் மட்டும் ஏன் மாமா என்கிறான்?

வடக்கு வளைவில் களப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. கார்கள் திரும்பும்போது உப்புச்சேறு சன்னலுக்குள்ளும் தெறிக்கிறது, என் வெள்ளைச் சட்டையிலும் தெறிக்கிறது. மனைவி ரம்ஸியா இரண்டு முறை தோய்த்தும் போகவில்லை.

ஜூலை 12

நிஃப்லா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தால் வந்து ஃபோனைப் பார்த்துச் சிரித்தாள். என்ன மகள் என்றேன். "ஒண்டுமில்ல வாப்பா." ஒன்றுமில்லாததற்கு யாரும் அப்படிச் சிரிப்பதில்லை.

ஜூலை 16 – ஞாயிறு

அன்ரனிப்பிள்ளையின் தோட்டத்தில் கழகக் கூட்டம். தீப்பிடிக்காத துணியில் தைத்த முழு உடுப்பு, கழுத்துப் பட்டி, ஐந்து வருடத்துக்கு மேற்படாத பெல்ற் என்று விதிகளை வாசித்தேன். சிலாபத்தில் இருந்து வரும் பையன்கள் கொட்டாவி விட்டார்கள். ஃபைஸல் எழும்பினான்.

"விதி எல்லாம் சரி மாமா. ஆனா நீங்க எங்கள பாதுகாக்க வாறீங்களா, புடிக்க வாறீங்களா?"

இரண்டும் ஒன்றுதான் என்றேன். "இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அன்ரனிப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தால் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்ப்பார்.

என்ன இல்லை? எங்கே இல்லை? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். விதிக்குப் பயப்படுகிறவனுக்குத்தான் இப்படிக் கேள்வி வரும்.

ஜூலை 21 – வெள்ளி

மாமா என்ற சொல்லின் காரணம் இன்று தெரிந்துவிட்டது.

ஜும்ஆவுக்குப் பிறகு கல்பிட்டியில் இருந்து ஒரு வான் வந்தது. ஃபைஸலின் உம்மாவும் பெரியவாப்பாவும். நிஃப்லாவைக் கேட்டு வந்திருக்கிறார்கள். ரம்ஸியாவுக்கு வாயெல்லாம் பல். நிஃப்லா அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை, ஆனால் கதவு ஒரு விரல் திறந்திருந்தது.

அவர்கள் பரம்பரையாக அங்கே தென்னங்காணியோடு இருக்கிறவர்கள். நாங்கள் தொண்ணூறில் மன்னாரில் இருந்து கையில் கிடைத்ததோடு வந்தவர்கள். இருபத்தேழு வருடமாகியும் நாங்கள் குடியிருக்கும் தில்லையடிக்கு வெளியே சிலருக்கு நாங்கள் இன்னும் அகதிகள்தான். அப்படிப்பட்ட வீட்டுக்கு இவர்கள் ஏன் வர வேண்டும்? சீதனம் ஒன்றும் வேண்டாம் என்கிறார்களே, அது ஏன்? வேண்டும் என்றாலாவது விளங்கும்.

"விசாரிச்சிட்டு சொல்றன்" என்றேன்.

அவர்கள் போனதும் ரம்ஸியா: "நீங்க விசாரிச்சா வானத்து மலக்குமாருட மேலயும் குத்தம் இரிக்கும்."

ஜூலை 30 – ஞாயிறு

என்ன சொல்வது. நான் நினைத்தது சரி.

இரண்டாவது ஓட்டம். ஃபைஸலின் காரில் ஓட்டையைத் தேடினேன், இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன். ஒட்டி அடைத்து, அராவி, மேலே பெயின்றும் அடித்திருக்கிறான்! என்னைப் பார்த்து நகைக்கிறாற்போல அந்த இடம் மினுங்குகிறது.

"ஏன் அடச்ச?"

"வள்ளக்காரன் எவனும் இரும்புல ஓட்டய தொறந்து வெக்க மாட்டான் மாமா."

"இது வள்ளமில்ல. கார்."

"உப்புக்கு அது தெரியுமா? யார்டயாவது காருல ஒரு துண்ட வெட்டிப் பாருங்க—"

வெட்டிப் பார்க்கவாம். ஓட்டம் தொடங்க அரை மணித்தியாலம் இருக்கும்போது கார்களை வெட்டவாம். மாடு குறுக்கே பாய்ந்த கதை மாதிரித்தான். மெல்லிய குழாயை மாற்றிப் போட்டிருக்கிறான், பாரம் குறைந்தால் வேகம் கூடும், நான் அளந்தால் தெரிந்துவிடும். வேறென்ன? மறுபடி ஓட்டை போட விடு என்றேன். "என்ட காருல இனி ஒரு ஓட்டயும் போட விடமாட்டன்" என்றான், எல்லோர் முன்னிலும். கையுறையைக் கழற்றி நிலத்தில் எறிந்தான்.

இந்த வருடம் முழுவதும் அவனுக்கு ஓட்டமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்ரனிப்பிள்ளை "கொஞ்சம் பொறு, அவன் என்ன சொல்றான் எண்டு கேப்பம்" என்றார். கேட்டாயிற்று என்றேன்.

கூட்டிலேயே ஏமாற்றுகிறவன் என் மகளை எப்படி வைத்திருப்பான்?

ஜூலை 31

கல்பிட்டிக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டேன்.

நிஃப்லா சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "அவர் என்னத்த மறைச்ச எண்டு கேட்டீங்களா வாப்பா?"

மறைக்கிறவனிடம் எதற்குக் கேட்பது மகள் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பயந்து பார்க்கவில்லை. கோபமாகவும் இல்லை. நான் ஒரு பழுதான காரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 4 – வெள்ளி

ஒரு லொறி விபத்துப் பார்க்கக் கல்பிட்டிப் பக்கம் போனேன். போன இடத்தில் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் வாசலிலும் ஃபைஸலைப் பற்றிக் கதை கொடுத்துப் பார்த்தேன். நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் கூட, என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள். அதுதான் எனக்குச் சந்தேகம். சொல்லிக் கொடுத்திருப்பானோ?

சம்பந்தம் வேண்டாம் என்று சொன்ன பிறகு எதற்கு விசாரிக்கிறேன் என்று ரம்ஸியா கேட்டாள். லொறி அறிக்கையை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9

நிஃப்லா இப்போது அடுப்படியில் உம்மாவோடு சாப்பிடுகிறாள். சலாம் சொன்னால் பதில் வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஃபோனைப் பார்த்துச் சிரிப்பதும் இல்லை. அதையாவது செய்யலாம் என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 13 – ஞாயிறு

யா அல்லாஹ்.

ஹாசிம். ஹாசிமின் கார்.

வடக்கு வளைவில் வழுக்கி உப்பளத்து வரம்பில் ஏறிக் கவிழ்ந்தது. ஒரே ஒரு புரட்டல்தான். அதைவிட மோசமான புரட்டல்களில் இருந்து ஆட்கள் சிரித்துக்கொண்டு வெளியே வந்ததை நான் கண்டிருக்கிறேன். கூடு தாங்கும். தாங்க வேண்டும். அதற்குத்தானே கூடு!

தாங்கவில்லை. ஓட்டுநர் பக்கத் தூண் அடியில் மடங்கி, கூரை அப்படியே அவன் தோளில் இறங்கிவிட்டது.

முதலில் ஓடியவன் ஃபைஸல். ஓட்டம் இல்லாதவன், கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன். நான் போய்ச் சேர முன் பெல்ற்றை அறுத்துவிட்டான். "கழுத்த அசைக்க வேணாம், கழுத்த அசைக்க வேணாம்" என்று கத்திக்கொண்டே இருந்தான். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஹாசிமின் ஹெல்மெட் வெடிக்கவில்லை. உள்ளே என் கையெழுத்து. அதுமட்டும் சரி.

ஆகஸ்ட் 14

தலைக்கும் முள்ளந்தண்டுக்கும் ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். வலது தோளும் மேற்கையும் நொறுங்கிப் போயின. புத்தளத்தில் இருந்து குருநாகலுக்கு அனுப்பினார்கள். பின்னேரம் போய்ப் பார்த்தேன். மருந்து மயக்கத்திலும் என்னைக் கண்டு எழும்பப் பார்த்தான்.

"சாச்சா, நான் எல்லாம் விதிப்படிதான் செஞ்சன். ஓட்டய அடைக்கவே இல்ல."

அவன் உம்மா என் கையைப் பிடித்து அழுதார். நான் என்ன செய்தேன்? எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இங்கே பொய் எழுதினால் வேறு எங்கே உண்மை எழுதுவது. திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே நினைப்பு: இவனும் ஏமாற்றினானோ? இந்த அமைதி, இந்தச் சாச்சா, எல்லாம் நடிப்போ? நான் அளந்த பிறகு குழாயை மாற்றினானோ?

நாளை அந்தத் தூணை வெட்டப் போகிறேன். இன்சூரன்ஸ் வழக்கு மாதிரி. கண்டுபிடிக்கிறேன்.

ஆகஸ்ட் 15

கண்டுபிடித்தேன்.

கார் அன்ரனிப்பிள்ளையின் தேங்காய்க் கொட்டிலில் கிடக்கிறது. தூணை மேலே ஒரு இடத்திலும், மடங்கிய இடத்திலும் வெட்டினோம். மேல் துண்டு சுத்தமான இரும்பு. அளந்தேன். இரண்டரை, அப்படியே இரண்டரை. ஹாசிம் ஏமாற்றவில்லை.

கீழ்த்துண்டை நிலத்தில் தட்டினேன். உள்ளேயிருந்து துரு கொட்டியது. பொடியாக இல்லை, பாளம் பாளமாக, சுட்ட பாணின் கருகின தோல் மாதிரி. துரு போன பிறகு மிஞ்சிய இரும்பை விரலால் அமுக்கினேன். அமுங்கியது.

மடங்கியது சரியாக என் ஓட்டை இருந்த இடம்.

இரண்டு வருடமாக அந்த ஓட்டையால் உப்புச்சேறு உள்ளே போயிருக்கிறது. என் சட்டையில் பட்ட அதே சேறு. சட்டையைத் தோய்த்தோம். குழாயின் உள்ளே யார் தோய்க்கிறது? திறந்தே வைத்திரு என்று சொன்னவன் நான். அடைத்தவனை விரட்டியவனும் நான்.

அன்ரனிப்பிள்ளை கேட்டார்: "போன மாதம் நீ அளந்தாயே முஹ்ஸின். அப்ப ஏன் தெரியவில்லை?"

ஏன் தெரியவில்லை? கம்பியின் கொக்கி இரும்பில் கொழுவவில்லை, துருவில் கொழுவியிருக்கிறது. துரு உப்பும். இரும்பைவிடத் தடிக்கும். இந்த நாட்குறிப்பையே திருப்பிப் பார்த்தேன். ஜூலை ஒன்பதாம் திகதி. "போன வருடத்தைவிட ஒரு மயிரிழை தடிப்பாகவே இருந்தது."

குழாய் வளருமா? ஒட்டி வைத்த இரும்பு ஒரு வருடத்தில் வளருமா?

ஒன்றுமில்லாததற்கெல்லாம் சந்தேகப்பட்டேன். மகளின் சிரிப்பு, சீதனம் கேட்காத வீடு, ஒருத்தன் வாயில் வந்த மாமா. சந்தேகப்பட வேண்டிய ஒன்றே ஒன்று என் கையில் கம்பியோடு இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 16

கல்பிட்டிக்குப் போனேன். கடையில் ஃபைஸல் ஒரு வள்ள எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தான். வெட்டிய துண்டை மேசையில் வைத்தேன். எடுத்து உள்ளே பார்த்தான்.

சொன்னேனே என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் புடிவாதமா நிண்டு சொல்லியிருக்கோணும்" என்றான். "கோவத்துல கையுறய எறிஞ்சிட்டு போய்ட்டன். ஹாசிமுட கார கொண்டு போயாவது வெட்டியிருக்கலாம்."

"நான் கேட்டிருக்க மாட்டன்" என்றேன்.

"ஓம். கேட்டிருக்க மாட்டீங்க." சிரிக்கவில்லை. பிறகு எழும்பிக் கையைத் துடைத்தான். "இன்னம் ஏழு காரு இரிக்கி முஹ்ஸின் நானா. அடுத்த ஓட்டத்துக்கு முந்தி எல்லாத்தையும் வெட்டிப் பாப்போம்."

முஹ்ஸின் நானா.

வரும் வழியில் அதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. எல்லோரும் சொல்கிற பெயர்தான். இவன் வாயால் கேட்க ஏன் இப்படி வலிக்கிறது?

ஆகஸ்ட் 20 – ஞாயிறு

ஓட்டம் இல்லை. கார்களைத் தோட்டத்துக்கு வரவழைத்து ஒவ்வொன்றாக வெட்டினோம். வெட்டினவன் ஃபைஸல், துண்டுகளைத் தூக்கியவன் நான். ஏழில் ஐந்தின் தூண்கள் உள்ளே துருவேறிப் போய்விட்டன. கொட்டாவி விட்ட சிலாபத்துப் பையன்களில் ஒருவன் தன் காரின் தூணைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மணலில் உட்கார்ந்துவிட்டான். இன்று எவனும் கொட்டாவி விடவில்லை.

கடைசியாக ஃபைஸல் தன் காரையும் வெட்டினான். நான் கேட்கவில்லை. சுவர் இரண்டரை. அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய துருப்படலம், அவ்வளவுதான். "இந்தக் கூட்டப் போட்டு ஒரு வருஷம் நானும் தொறந்துதான் வெச்சிருந்தன்" என்றான்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன், பிழை என்னுடையது, பரிசோதகர் வேலையில் இருந்து விலகுகிறேன் என்று. அன்ரனிப்பிள்ளை தொப்பியைக் கழற்றவில்லை.

"விலகிப்போட்டு வீட்டில இருந்து சந்தேகப்படப் போறியா? இஞ்சயே இருந்து படு. ஆனா ஆக்கள் சொல்றதைக் கேட்டுப்போட்டுப் படு."

புதிய விதியை ஃபைஸல் சொல்ல நான் எழுதினேன். ஓட்டை தூணின் மேற்பக்கத்தில், வருடத்துக்கு ஒரு முறை, அளந்து முடிந்த கையோடு ஒட்டி அடைக்க வேண்டும். அடைத்ததை ஓட்டுநரும் நானும் சேர்ந்து நின்று பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 22

நிஃப்லாவிடம் போய் உட்கார்ந்தேன். கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். நான் கல்பிட்டிக்குத் திரும்ப ஆள் அனுப்பட்டுமா மகள் என்று கேட்டேன்.

சிவப்புப் பேனையை மூடி வைத்தாள். "அனுப்புங்க. ஆனா இப்ப அவங்க விசாரிக்கட்டும் வாப்பா. எங்களப் பத்தி."

ரம்ஸியா அடுப்படியில் சிரித்தது கேட்டது.

ஆகஸ்ட் 28

யாரோ என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். சந்திப் பலசரக்குக் கடைக்காரர் சொன்னார். கல்பிட்டி வான், வயசான ஒரு ஆள், முஹ்ஸின் எப்படிப்பட்டவர் என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்ன?" என்றேன்.

"உள்ளதத்தான். நல்ல மனுஷன், தன்ட நிழலயும் நம்ப மாட்டார் எண்டு."

முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. என்னை விசாரிக்க இவர்கள் யார்? சாமான் வாங்காமலே பாதி வழி வந்துவிட்டேன். பிறகு கல்பிட்டித் தேநீர்க் கடை நினைவு வந்தது. திரும்பிப் போய்ப் பருப்பும் சீனியும் வாங்கினேன்.

பதில் இன்னும் வரவில்லை. ஃபோன் அடித்தால் ரம்ஸியாவுக்கு முந்தி நான் எடுக்கிறேன்.

செப்டம்பர் 10 – ஞாயிறு

ஹஜ் பெருநாள் கழிந்து இன்று வந்தார்கள். ஃபைஸலின் உம்மா, பெரியவாப்பா, கூடவே அவனும். ரம்ஸியா காலையில் இருந்தே வட்டிலப்பம் அவித்து ஆற வைத்திருந்தாள். ஹாசிமையும் அவன் உம்மாவையும் நான் போய்க் கூட்டி வந்தேன்.

ஃபைஸல் உட்காருமுன் கதிரையின் காலைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தான்.

"பரிசோதகர் வீடு. சும்மா இருக்கேலுமா மாமா?"

மாமா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சட்டென்று எழும்பி மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். நிஃப்லாவின் அறைக் கதவு இன்று முழுதாகத் திறந்திருந்தது. நிக்காஹ் டிசெம்பர் விடுமுறையில்.

ஹாசிமின் வலது கை இன்னும் மார்போடு கட்டியிருக்கிறது. கட்டை அவிழ்த்தாலும் தோளுக்கு மேலே உயராதாம், டொக்டர் சொல்லிவிட்டார். கடையில் ஏணி ஏறி வயர் இழுக்கிறவன். நான் சொன்னதை எல்லாம் செய்தவன். மன்னிப்பு இரண்டு முறை கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் "என்ன சாச்சா, விடுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ரம்ஸியா தேநீர் கொடுத்தாள். ஹாசிம் இடது கையால் கோப்பையை எடுத்தான். வாய்வரை கொண்டு போனவன் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். காரின் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பானே, அதே பார்வை. சரியா சாச்சா என்று கேட்கிற பார்வை.

"குடிங்க மகன்" என்றேன்.